இத்தாலியில் ஒரு செமஸ்டர்: கடிதத் தேதி, வீட்டு முன்பணம், முதல் எட்டு நாள். உதவி வேண்டும்

கேள்வி (கோவை மாணவி)

வணக்கம். ஆர்க்கிடெக்சர் நான்காம் ஆண்டு படிக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் டுரினில் ஒரு செமஸ்டர் கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் கிளம்பணும். வீட்டில் யாரும் வெளிநாடு போனதில்லை, கேட்க ஆளில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். அங்கிருந்து வந்த அனுமதிக் கடிதத்தில் டிசம்பர் 20 வரை என்றுதான் போட்டிருக்கிறார்கள், ஆனால் தேர்வு ஜனவரியில் என்கிறார் ஒரு சீனியர். விசா எந்தத் தேதி வரை கேட்பது? அப்புறம் இணையத்தில் ஒரு அறை பார்த்தேன், படமெல்லாம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையை இப்போதே அனுப்பு, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். போய் இறங்கியதும் எட்டு நாளுக்குள் ஏதோ பதிவு செய்யணுமாமே, அது என்ன? அம்மா நெய்யும் கறிவேப்பிலையும் கட்டித் தரத் தயாராக இருக்கிறார், கொண்டுபோகலாமா?

பதில் (போலோன்யாவில் படித்தவர்)

முதலில் கடிதத்தைப் பாரும்மா, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கே வகுப்பு டிசம்பரில் முடிந்தாலும் தேர்வுக் காலம் ஜனவரி, பிப்ரவரி. ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று தேர்வுத் தேதி போடுவார்கள், வாய்மொழித் தேர்வும் நிறைய. 30க்கு 18 எடுத்தால் பாஸ். முதல் தேதியில் தேறாவிட்டால் அடுத்த தேதி கையில் இருக்கும், அதற்கு நீ அங்கே இருக்கணும். கடிதத்தில் இருக்கும் தேதியை வைத்துத்தான் விசா தருவார்கள். அதனால் இன்றைக்கே அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு மெயில் போட்டு, தேர்வுக் காலம் முடியும் வரை தேதி போட்டுப் புதுக் கடிதம் கேள். அது கைக்கு வந்த பிறகு விசா அப்பாயிண்ட்மெண்ட் எடு. 90 நாளுக்கு மேல் போவதால் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான) சுற்றுலா விசா உதவாது, 'D' வகை படிப்பு விசாதான்.

பதில் (டுரின் முதுகலை மாணவர்)

தங்கச்சி, அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பது இங்கே பழகிப்போன ஏமாற்று. நல்ல வீட்டுக்காரர் வீடியோ காலில் அறையைக் காட்டுவார், ஒப்பந்தத்தை வரி அலுவலகத்தில் பதிவு செய்து அந்தப் பதிவுத் தாளையும் தருவார். மாணவர் ஒப்பந்தம் என்று ஒரு வகை இருக்கிறது, அது 6 மாதம் முதல் 36 மாதம் வரை. உனக்கு அதைவிடக் குறைவாகத்தான் தேவை என்றால் சாதாரணத் தற்காலிக ஒப்பந்தம் கேள். டெபாசிட் சட்டப்படி மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. இன்னொன்றும் கேட்டுவிடு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரைத் தங்கவைத்தால் வீட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்கணும். அதைச் செய்ய மாட்டேன் என்பவரிடம் வீடே வேண்டாம். முதல் சில வாரத்துக்கு ஹாஸ்டல் போட்டுக்கொண்டு, நேரில் பார்த்து எடுப்பதுதான் நிம்மதி.

பதில் (போலோன்யாவில் படித்தவர்)

அந்த எட்டு நாள் சமாசாரம் பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கும் அனுமதி. எட்டு என்பது வேலை நாள் கணக்கு. பெரிய தபால் நிலையம் ஒன்றுக்குப் போய் 'கிட்' என்று கேட்டால் படிவங்களோடு ஒரு பெரிய உறை இலவசமாகத் தருவார்கள். கறுப்புப் பேனாவால் நிரப்பு, உறையை ஒட்டாதே, கவுண்டரில் திறந்து பார்ப்பார்கள். பாஸ்போர்ட் நகல், கடிதம், இன்சூரன்ஸ் எல்லாம் உள்ளே வைக்கணும். வாசலில் பெரிய 'T' எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் 16 யூரோ ரெவென்யூ ஸ்டாம்ப் முன்னாடியே வாங்கிக்கொள். அனுமதிக் கட்டணம் 70.46 யூரோ, தபால் சேவைக்கு 30 யூரோ. ரசீதோடு போலீஸ் தலைமையகத்தில் கைரேகைக்கு ஒரு தேதி தருவார்கள். அனுமதி அட்டை வருவதற்குள் உன் செமஸ்டரே முடிந்துவிடலாம், அதனால் அந்த ரசீதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திரு.

கேள்வி (கோவை மாணவி)

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. மெயில் போட்டேன், பிப்ரவரி 28 வரை புதுக் கடிதம் தருகிறோம் என்று பதில் வந்துவிட்டது! வீட்டுக்காரரிடம் வீடியோ காலில் காட்டச் சொன்னேன், அதோடு பேச்சே இல்லை. இன்சூரன்ஸ் மட்டும் குழப்பம். அரசு மருத்துவத் திட்டத்தில் சேரலாம் என்கிறார்களே?

பதில் (டுரின் முதுகலை மாணவர்)

சேரலாம், ஆனால் 2024 முதல் மாணவர்களுக்கு அது வருடத்துக்கு 700 யூரோ, முன்பு 150க்குள் இருந்தது. அதைவிட முக்கியம், அது ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்ட முடியாது. நீ செப்டம்பரில் வந்து பிப்ரவரி வரை இருந்தால் இரண்டு தடவை கட்ட வேண்டிவரும். ஒரு செமஸ்டருக்குத் தனியார் பாலிசிதான் கட்டுபடியாகும். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பு வேண்டும், தேதி பிப்ரவரி 28ஐத் தாண்டியே இருக்கட்டும்.

பதில் (போலோன்யாவில் படித்தவர்)

அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு. பால், இறைச்சி சேர்ந்த எதையும் இந்தியாவிலிருந்து பையில் கொண்டுபோகக்கூடாது. நெய், பால்கோவா கூடாது. உப்புக்கண்டம் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதுவும் இறைச்சிதான், கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பருப்புப் பொடி, சாம்பார் பொடி, புளி, காய்ந்த மிளகாய் தாராளமாகப் போகும், கறிவேப்பிலையை வறுத்துப் பொடியாக்கி வைக்கச் சொல். நெய் வேண்டுமென்றால் அங்கே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்ளலாம், வெண்ணெய் அருமையாக இருக்கும். அப்புறம் நம்ம ஊர் குண்டு மூன்று குச்சி பிளக் அங்கே நுழையாது, கரண்ட் குக்கர் கொண்டுபோனால் அடாப்டரும் எடுத்துக்கொள். வோல்டேஜ் 230தான், அது ஒத்துப்போகும்.