ஆற்காட்டு வீட்டு வாட்ஸ்அப் குழு: கவினுக்கு எந்த கால்குலேட்டர்?

சனிக்கிழமை

தேவி: அண்ணி, ஒரு விஷயம் கேக்கணும். கவின் கால்குலேட்டர் வேணும்னு ஒரே நச்சரிப்பு. ஆன்லைன்ல கேசியோ 991சிடபிள்யூன்னு ஒண்ணு காட்றான், விலை எங்கியோ போவுது. ப்ளஸ் ஒன் பையனுக்கு அவ்ளோ தேவையா?

ரமேஷ்: பரீட்சைக்கு லாக் டேபிள்தான். மத்ததுக்கு போன்லயே கால்குலேட்டர் இருக்கு.

கவின்: பரீட்சைக்கு இல்லப்பா. சர்க்யூட் போட.

தாத்தா: கை வேலை கத்துக்கிற பையன். தடுக்காதீங்க.

சுமதி: இன்னா சர்க்யூட் பண்றே கவின்?

கவின்: 555ன்னு ஒரு டைமர் ஐசி (சிப்) வெச்சு எல்ஈடி ஃபிளாஷர் அத்தை. பிள்ளையார் சதுர்த்தி பந்தல்ல மாட்டலாம்னு. ஆனா கணக்குப்படி ஆறரை செகண்டுக்கு ஒரு தரம்தான் எரியணும். இது செகண்டுக்கு ஒண்ணரை தரம் சிமிட்டுது. ஐசி போயிடுச்சா?

சுமதி: வேல்யூ சொல்லு.

கவின்: ரெசிஸ்டர் ஆர்1 1 கே (1000 ஓம்), ஆர்2 47 கே, கெப்பாசிட்டர் 10 மைக்ரோ.

சுமதி: போன்ல எப்படி அடிச்சியோ அப்படியே போடு.

கவின்: 1.44 ÷ (95000 × 0.0001) = 0.1516. 95000ங்கிறது ஆர்1ஓட ஆர்2வை ரெண்டு தரம் கூட்டினது. விடை செகண்டுக்கு எத்தனை தரம்னு

சுமதி: ஐசி நல்லாத்தான் இருக்கு. 10 மைக்ரோஃபேரட்னா 0.00001 ஃபேரட். புள்ளிக்கு அப்புறம் நாலு சைபர் வரணும், நீ மூணு போட்டிருக்கே. சரியா போட்டா 1.516 வரும். நீ கண்ணால பாத்ததும் அதேதானே?

கவின்: ஆமா அத்தை!! புது ஐசி வாங்க கிளம்பிக்கினு இருந்தேன்

சுமதி: ரமேஷ், இதைப் பாத்தியா. லேப்ல பசங்க தப்பு பண்றது பெரும்பாலும் இந்த இடத்துலதான். ஃபார்முலா தெரியும், சைபர்ல கோட்டை விடுவாங்க. எலக்ட்ரானிக்ஸ்ல ஒரு பக்கம் கிலோ, மெகான்னு பெரிய அளவு, இன்னொரு பக்கம் மைக்ரோ, நானோ, பிகோன்னு ரொம்ப சின்ன அளவு. ரெண்டும் ஒரே கணக்குல வரும். போன் கால்குலேட்டர்ல சைபரை எண்ணிக்கினே இருக்கணும். அதனால தனியா ஒண்ணு வேணும், ஆனா விலை ஒசந்தது வேணாம்.

தேவி: அப்போ எது அண்ணி?

சுமதி: 991எம்எஸ். பழைய மாடல்தான், இன்னும் விக்கிறாங்க. அதுல கே, எம், மைக்ரோ, நானோ, பிகோ எல்லாம், இன்ஜினியரிங் மோட் ஆன் பண்ணிட்டு ஷிப்ட் அமுக்கினா நேரா எண் பொத்தான்லயே வரும். 47 அடிச்சு கே, 10 அடிச்சு மைக்ரோ, அவ்ளோதான். சைபரே எண்ண வேணாம். விடையும் அதே மாதிரி கே, எம்னு வரும்.

பிரியா: அம்மா, எங்க கிளாஸ்ல பாதிப் பேர் 991இஎஸ் ப்ளஸ் வெச்சிருக்காங்க. அது நல்லா இருக்குமே, பின்னம் எல்லாம் புக்ல இருக்கிற மாதிரியே காட்டும்.

சுமதி: கணக்குப் பாடத்துக்கு அது நல்லது பிரியா, இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த கே, மைக்ரோ பொத்தான் அதுல கிடையாது. பத்தின் அடுக்காத்தான் போடணும். 991இஎக்ஸ்ல திரும்ப கொண்டு வந்தாங்க, அதுவும் மெனுவுக்குள்ள போய் தேடி எடுக்கணும். ஒரு ரெசிஸ்டருக்கு நாலு பொத்தான் அமுக்கிக்கினு இருந்தா சால்டரிங் அயர்ன் சும்மா சூடாகிக்கினு கிடக்கும்.

ரமேஷ்: அக்கா, இதைவிட கம்மியில இல்லையா? ஐந்நூறு ரூபா கிட்ட ஒண்ணு பாத்தேன், 82எம்எஸ்.

சுமதி: இருக்கு. கையில காசு அவ்ளோதான்னா தாராளமா அதை வாங்கு, மோசம் இல்ல. 10 மைக்ரோவுக்கு 10, ஈஎக்ஸ்பி (பத்தின் அடுக்கு பொத்தான்), மைனஸ் 6. விடை வந்தா இஎன்ஜின்னு ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கினா அடுக்கு மூணு மூணா மாறும். 4700 போட்டு அமுக்கினா 4.7 பெருக்கல் பத்தின் அடுக்கு 3. அதை கேன்னு படிச்சுக்கலாம். பக்க இணைப்புக்கு வேண்டிய தலைகீழ் பொத்தானும் உண்டு, அந்த எக்ஸ் தலைமேல மைனஸ் ஒண்ணு போட்டது. 4.7 கேயும் 10 கேயும் பேரலல்ல போட்டா எவ்ளோன்னு அதுல சட்டுனு 3.2 கே வரும்.

ஆனா கவின் அடுத்த வருஷம் ஏசி சர்க்யூட் பக்கம் வருவான், ஆர்டுயினோவும் (சின்ன கம்ப்யூட்டர் போர்டு) தொடுவான். காம்ப்ளெக்ஸ் நம்பர், பைனரி, ஹெக்ஸ் எல்லாம் 991எம்எஸ்ல இருக்கு, 82ல கிடையாது. புரோகிராம் போடுற டைப் இல்லாததால இன்ஜினியரிங் காலேஜுக்குப் போனாலும் பரீட்சை ஹாலுக்குக் கூடவே வரும்.

தாத்தா: பேட்டரி அடிக்கடி மாத்தணுமா?

சுமதி: இல்லப்பா, 991எம்எஸ்ல சோலார் செல், கூட ஒரு பட்டன் பேட்டரி. ரெண்டும் சேந்து ரொம்ப வருஷம் ஓடும்.

தேவி: தெரு முனை கடையிலயே வாங்கிடலாமா அண்ணி? விலை கம்மியா சொல்றான்.

சுமதி: வேணாம் தேவி. கேசியோ பேர்ல போலி நிறைய வருது. பில்லும் வாரண்டி கார்டும் குடுக்கிற கடையில வாங்குங்க. வேலூர் லாங் பஜார் பக்கம் பெரிய ஸ்டேஷனரி கடையில கேளுங்க. கையில வாங்கினதும் எண் பொத்தான் மேல கே, எம் எழுத்து இருக்கான்னு பாருங்க. எழுத்து மங்கலா, பொத்தான் லொடலொடன்னு இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க.

பிரியா: மாமா, மிச்சக் காசுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக் குடுங்க. கவின்கிட்ட அது இல்ல.

சுமதி: ஆமா ரமேஷ், இது முக்கியம். கணக்கு சொல்ற நம்பரும் போர்டுல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாக்க மீட்டர் வேணும். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்ல 20 சதவீதம் வரைக்கும் கூடக் குறைய வர்றது சகஜம். சிடபிள்யூவுக்கு குடுக்க இருந்த காசுல ரெண்டும் வந்துடும்.

ரமேஷ்: சரிக்கா. திங்கள் ஆபீஸ் விட்டு வரும்போது லாங் பஜார் போறேன்.

திங்கள்

ரமேஷ்: [படம்] 991எம்எஸ். பில் இருக்கு. மீட்டரும் வாங்கிட்டேன்.

தாத்தா: நல்லது. கவின், பத்திரமா வெச்சுக்கோ.

கவின்: அத்தை, 9 ÷ 10 போட்டா 900ன்னு வருது. பக்கத்துல சின்ன எம். கடையில திருப்பிக் குடுக்கணுமா?

சுமதி: வேணாம் வேணாம். இன்ஜினியரிங் மோட் ஆன் பண்ணிட்டே போல. சின்ன எம்னா மில்லி. 900 மில்லின்னா 0.9தானே. பெரிய எம் மெகா, ரெண்டையும் குழப்பிக்காதே. ஸ்கூல் ஹோம்வொர்க் போடும்போது மோட் பொத்தானை டிஸ்ப் வர்ற வரைக்கும் அமுக்கி, 1 போட்டு, ஆஃப் பண்ணிக்கோ.

கவின்: ஓகே அத்தை 👍 ஃபிளாஷர் செகண்டுக்கு ஒரு தரம் சிமிட்டணும்னா ஆர்2 எவ்ளோ போடணும்?

சுமதி: நானே சொல்லிட்டா எப்படி. 1.44 ÷ ((ஏ + 2பி) × சி) ன்னு ஆல்ஃபா எழுத்துல அடிச்சு கால்க் பொத்தானை அமுக்கு. ஏ (ஆர்1), பி (ஆர்2), சி (கெப்பாசிட்டர்) ஒவ்வொண்ணா கேக்கும். ஃபார்முலாவை திரும்ப அடிக்க வேணாம், பியை மட்டும் மாத்திக்கினே போ. ஆனா கடையில கிடைக்கிற வேல்யூவா போடு: 33, 39, 47, 56, 68, 82.

கவின்: 56க்கு 1.274. 68க்கு 1.051. 82க்கு 873 மில்லி

கவின்: 68 கே!

சுமதி: அதான். எல்ஈடிக்கு ரெசிஸ்டர் இன்னா போட்டிருக்கே?

கவின்: 9 வோல்ட்ல எல்ஈடிக்கு 2 போனா 7. அதை 15 மில்லிஆம்பால வகுத்தேன். 466.7 வந்துச்சு, அதனால 470 ஓம்.

சுமதி: சரி. ஆனா 555 ஹை குடுக்கும்போது, அதாவது எல்ஈடியை எரியவிடும்போது, முழு 9 வோல்ட் வெளிய வராது, ஒண்ணு ஒண்ணரை வோல்ட் உள்ளயே போயிடும். அதனால 12 மில்லிஆம்ப் கிட்டதான் ஓடும். அந்த வெளிச்சம் பந்தலுக்குப் போதும். புது மீட்டரை எல்ஈடியோட சீரியஸ்ல வெச்சு எவ்ளோன்னு பாத்து சொல்லு. ஃபிளாஷர் சிமிட்டிக்கினே இருந்தா மீட்டர் நிக்காது, அதனால கெப்பாசிட்டரை 1000 மைக்ரோவா மாத்தி, சிமிட்டலை மெதுவாக்கிட்டுப் பாரு.

கவின்: 1000 மைக்ரோ என்கிட்ட இல்ல அத்தை

பிரியா: என்கிட்ட ரெண்டு இருக்குடா. ஞாயித்துக்கிழமை வரும்போது எடுத்துக்கினு வர்றேன்.