புதுப்பிப்பு: மோட்டார்ஹோமில் நாய்க்குட்டி, வாந்தியும் கத்தலும்

மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) கிளம்பியதும் குட்டி வாந்தி எடுக்கிறது, கூண்டுக்குள் கத்துகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். வாந்தி நின்றுவிட்டது, கத்தல் நன்றாகவே குறைந்திருக்கிறது.

குட்டிகளுக்கு உள்காதின் சமநிலை உறுப்பு முழுதாக வளர்ந்திருக்காது, அதனால்தான் குமட்டல். கிளம்ப 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். கூண்டைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைக்கவே கூடாது, குலுக்கல் அங்கேதான் அதிகம். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே, தரையோடு பட்டை போட்டு இறுக்குங்கள். கூண்டின் கதவுக் கம்பியில் பட்டையை மாட்டினால் சடன் பிரேக்கில் கம்பி நெளிந்து கதவு திறந்துகொள்ளும்.

கத்தலுக்கு, வண்டி நிற்கும்போதே கூண்டில் சாப்பாடு. பழகியதும் இன்ஜினை மட்டும் 5 நிமிடம் ஓடவிடுங்கள். வண்டியை ஓட்டுவது அப்புறம்தான்.

தடுப்பூசிகள் முடியும்வரை மற்ற நாய்கள் நடமாடும் புல்லில் இறக்காதீர்கள். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும்.