எழுத்தறிவு வேண்டாம், ‘நலத்தெளிவு’ சரிவருமா?

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. பகலில் நோயாளிகள் விடுவதில்லை; இப்போதுதான் மொத்தமாக உட்கார்ந்து படித்தேன். ‘ஹெல்த் லிட்டரசி’க்கு, அதாவது நோய், மருந்து பற்றிச் சொல்வதைப் புரிந்துகொண்டு தன் உடல்நலத்துக்குப் பயன்படுத்தும் திறனுக்கு, தமிழ் என்ன என்பதுதான் கேள்வி. மருத்துவர் யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை என்று அக்கா ஒருவர் கிண்டல் செய்திருந்தார். இதோ திறந்துவிட்டேன்.

> ‘உடல்நல எழுத்தறிவு’ போதும். மலையாளத்தில் ‘ஆரோக்ய சாக்ஷரத’, தெலுங்கில் ‘ஆரோக்ய அக்ஷராஸ்யத’. நமக்கு மட்டும் எதற்குத் தனி வழி?

ஐயா, அக்கம்பக்கத்தார் இருவரும் அட்சரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், உண்மைதான். நான் இருப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இங்கே வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், பெரிய வைத்தியம் என்றால் கோயம்புத்தூர். முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கேரளம் 1991 ஏப்ரல் 18ஆம் தேதியே அறிவிக்கப்பட்டுவிட்டது. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறேன்: இந்தச் சொல்லுக்குள் ‘எழுத்து’ வரக்கூடாது.

போன மழைக்காலத்தில் பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஆத்தா மகள் வீட்டுக்கு வந்திருந்தார். கால் வீக்கத்துக்கு ஓரிடத்தில், சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உறைமேல் மலையாளத்தில் எழுதியிருந்ததை ஏழாவது படிக்கும் பேரன் பிசகில்லாமல் வாசித்துக் காட்டினான்: ‘ராவிலெ ஒண்ணு.’ மலையாளத்தில் ‘ராவிலெ’ என்றால் காலையில். ஆத்தா காதில் விழுந்ததோ நம்ம ஊர் ராவு. ராத்திரி ஒன்று போட்டுக்கொண்டு, விடிய விடிய எழுந்து எழுந்து போய், நாலாம் நாள் தூக்கமில்லாமல் கிறுகிறுத்துப்போய் என்னிடம் வந்தார். ராத்திரித் தூக்கம் கெடக்கூடாது என்றுதான் அந்த மாத்திரையைக் காலையில் போடச் சொல்வதே! எழுதியவருக்கு எழுத்தறிவு இருந்தது, வாசித்தவனுக்கும் இருந்தது. ஆத்தாவும் தினமும் தமிழ்ப் பேப்பர் படிக்கிறவர்தான்.

(இப்படி நிறைய உண்டு. ‘பனி’ என்றால் நமக்கு மார்கழி, அவர்களுக்குக் காய்ச்சல். ‘வைகுந்நேரம்’ சாயங்காலம், நம் வைகறையோ விடியல். ‘மருந்து கழிச்சோ?’ என்றால் மருந்து சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். புதிதாக எல்லை தாண்டி வந்தவர் ஒருவர் அதற்கு ‘ரெண்டு தடவைங்க, தண்ணியாட்டம்’ என்று பதில் சொன்னார்.)

அமெரிக்காவில் ‘ஹெல்த் லிட்டரசி’யை அளக்க முதலில் வந்த சோதனைகளில் ஒன்று, 66 மருத்துவச் சொற்களைக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்வது. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று. அதனால் சரியாக வாசிப்பவருக்குச் சொல் பழக்கமானது என்று ஓரளவு கணிக்கலாம். ஸ்பானிஷ் பேசுவோரிடம் இது எடுபடவில்லை. அந்த மொழியில் எழுதியபடியே வாசித்துவிடலாம், அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. ஆகவே 2006இல் ஸ்பானிஷுக்கென்று 50 சொற்களில் வேறு சோதனை செய்தார்கள். அதில் ஒவ்வொரு சொல்லையும் வாசித்த கையோடு, அதனோடு பொருள் பொருந்தும் சொல்லையும் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். தமிழும் ஸ்பானிஷ் கட்சிதான். ‘ஹைப்போகிளைசீமியா’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிடும். ‘எழுத்தறிவு’ நம் மொழியில் எதையும் அளக்காது.

> ‘சுகாதாரக் கல்வியறிவு’ ஏற்கனவே புழங்குகிறதே?

புழங்குகிறது. ஆனால் ‘சுகாதாரம்’ என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது சாக்கடை, கொசுமருந்து, சுகாதார ஆய்வாளர். கல்வியறிவோ ‘இல்லாதவர்’ என்ற வாலோடுதான் பெரும்பாலும் வரும். நோயாளி காதுபட ‘இவருக்குக் கல்வியறிவு குறைவு’ என்று நான் எழுதுவதா?

வரலாற்றையும் பார்க்கலாம். 1974இல் ஸ்காட் சைமண்ட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ‘ஹெல்த் லிட்டரசி’ என்ற சொல்லை எழுதியபோது, பள்ளியில் ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைக்கும் இது குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்றுதான் கேட்டார். கேள்வி அரசாங்கத்தையும் பள்ளியையும் பார்த்து. பிறகு ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் அது நோயாளியின் குறையாகிப்போனது. 2000இல் டான் நட்பீம் என்ற பொதுச் சுகாதார அறிஞர் அதை மூன்று படியாகப் பிரித்தார்: சொன்னதைப் புரிந்து நடப்பது, கலந்து பேசித் தன் நிலைக்குப் பொருத்திக்கொள்வது, தன் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் ஊர் நிலவரத்தையே கேள்வி கேட்பது. மூன்றாவது படிக்கு ‘எழுத்தறிவு’ எட்டவே எட்டாது.

அதனால் என் முன்மொழிவு: ‘நலத்தெளிவு’.

‘தெளிவு’ என்றால் இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. அவர் தெளிவு பெற வேண்டும், நான் தெளிவுபடுத்த வேண்டும். எங்கள் பக்கத்துக் குற்றம் சொல்கிறேன், கேளுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், சர்க்கரைக்காரர். அவரிடம் ‘யூரின்ல உப்பு போகுது சார்’ என்று நானே வாயால் சொன்னேன். நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். கர்ப்பிணிகளுக்குக்கூட ‘உப்பு, சர்க்கரை டெஸ்ட்’ என்போம். போவது உப்பே இல்லை, ஆல்புமின் என்ற புரதம். சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுக்க ஆரம்பித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அவர் என்ன செய்தார்? உப்பில்லாத கஞ்சி குடித்தார். ‘உப்பை நிறுத்தியாச்சு, சரியாப் போச்சு’ என்று சர்க்கரை மாத்திரையில் அசட்டையாகிவிட்டார். அவர் கணக்கில் தப்பே இல்லை. நான் கொடுத்த சொல்தான் தப்பு.

படித்தவர், படிக்காதவர் என்று பிரித்துப் பார்க்காதே, எல்லோருக்கும் புரியவில்லை என்று வைத்துக்கொண்டே பேசு என்று இப்போது சொல்கிறார்கள். ரத்தம் எடுக்கும்போது ஆள் பார்த்தா கையுறை போடுகிறோம்? அதே மாதிரி.

> ‘தெளிவு’ என்றால் மயக்கம் தெளிவது, போதை தெளிவது. மருத்துவத் துறையில் குழப்பம் வராதா? ‘நலவிளக்கம்’ இன்னும் பொருத்தம்.

மயக்கம் தெளிவதும் நல்லதுதானே ஐயா! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ‘நல’ முன்னால் நின்றால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ‘விளக்கம்’ எனக்கும் பிடித்த சொல். ஆனால் விளக்கம் கொடுப்பவரோடு நின்றுபோகும். நான் விளக்கினேன், அவருக்கு விளங்கவில்லை என்று நாளைக்கு நானே தப்பித்துக்கொள்ளலாம். ‘நலக்கேள்வி’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் மயங்கித்தான் போனேன். கேள்வியறிவு நம்முடைய பழஞ்சொத்து, அதில் கேட்பதும் இருக்கிறது, வினவுவதும் இருக்கிறது. அழகு. ஆனால் அரசு படிவத்தில் ‘நலக்கேள்வி குறைவு’ என்று வந்தால் கேள்வித்தாளில் கேள்வி குறைகிறது என்றுதான் படிப்பார்கள்.

கூடவே இன்னொரு சொல்லும் வேண்டும். நான் சொன்னதை நோயாளி தன் வார்த்தையில் திரும்பச் சொல்வது, ‘டீச்-பேக்’. ‘ஒப்பித்தல்’ என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், பிரம்பு ஞாபகம் வருகிறது. ‘புரிஞ்சுதாங்க?’ என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒரே பதில்தான், ‘சரிங்க டாக்டர்.’ அதனால் நான், ‘வீட்ல மருமக கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?’ என்று கேட்கிறேன். சொல்லும்போதே எங்கே நூல் அறுந்தது என்று தெரிந்துவிடும். ‘மீட்டுச்சொல்லல்’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து 2017இல் வந்த ஆய்வில், மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், பங்களாதேஷில் 48 விநாடி. நம் நாடு சுமார் 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் அரை நிமிடம் மருமகளுக்கு. என்னால் முடிந்தது அவ்வளவுதான், அதுவும் திங்கட்கிழமை முடிவதில்லை.

அந்த ஆத்தா கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் உறைமேல் எந்த மொழியிலும் எழுதாமல் படம் போட ஆரம்பித்தேன். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. போன வாரம் பிரஷர் மாத்திரைக்கு நிலா போட்டுக் கொடுத்து, வழக்கம்போல மருமகள் கேள்வியையும் கேட்டேன். ஆத்தா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எல்லாஞ் சரி கண்ணு. அமாவாசையன்னிக்கு மாத்திரை வேண்டாமா?”

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து