வெட்டுக்கிளிக்குள் இருந்து வந்த வெள்ளை நூல்: உங்களுக்கும் நடந்ததா?

பெகுக்காரன்:
போன மழைக்காலம். தூண்டிலில் குத்த வெட்டுக்கிளி வேண்டுமென்று அக்கா மகன் நச்சரித்தான். வரப்பில் ஒன்று தாவாமல் மந்தமாக உட்கார்ந்திருந்தது. பிடித்தேன், அவ்வளவுதான். கழுத்து மடிப்பிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் வர ஆரம்பித்தது. வருகிறது, வருகிறது, முடியவே இல்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சில்லென்று என் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டது. "மாமா, குடல் வருது!" என்று பையன் கத்தினான். உதறிப்போட்டுச் செருப்பால் தேய்த்துவிட்டேன். அப்போதும் வெட்டுக்கிளி ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அந்த விரலால் சோறு பிசையும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

மௌல்மீன் தம்பி:
அது குதிரைமுடிப் புழு அண்ணே. எங்கள் கிணற்றடித் தொட்டியில் ஒரு கும்பிடுபூச்சி தானாகவே வந்து குதித்தது. கொஞ்ச நேரத்தில் அதன் வாலிலிருந்து கறுப்புக் கம்பி மாதிரி ஒன்று நெளிந்து வெளியே வந்தது. அம்மா மூன்று நாள் அந்தத் தொட்டியைத் தொடவில்லை.

யெஸின் மாணவி:
தம்பி, கறுப்புக் கம்பி வேறு, வெள்ளை நூல் வேறு. நீங்கள் பார்த்தது தண்ணீரைத் தேடிப் போகும் சாதி, அது நூற்புழு என்கிற உருளைப்புழு இனமே கிடையாது. அண்ணன் பார்த்தது மெர்மிஸ் குடும்பத்து நூற்புழு. அது மண்ணுக்குள் போய்விடும். வெளியே வந்தபின் அதற்குச் சாப்பாடே இல்லை, உடம்பில் சேர்த்து வைத்ததிலேயே காலத்தைத் தள்ளும். மெர்மிஸ் நிக்ரெசென்ஸ் என்ற வகையில் தாய்ப்புழு மழை பெய்ததும் செடியில் ஏறி இலையில் முட்டையிடும். வெட்டுக்கிளி இலையோடு சேர்த்து முட்டையையும் தின்றுவிடும்.

படிக்கிற காலத்தில் நெல்லுக்கு வரும் தத்துப்பூச்சி ஒன்றை ஊசியால் கிழித்தேன். அரிசியில் பாதிகூட இல்லாத பூச்சி. வயிற்றில் முட்டையே இல்லை, நூல்கண்டு மாதிரி ஒரு புழுதான் சுருண்டிருந்தது. கொரியா, சீனா வயல்களில் இப்படி வாழும் ஒன்றுக்கு அகாமெர்மிஸ் உங்கா என்று பெயர். ஜப்பானிய மொழியில் உங்கா என்றாலே தத்துப்பூச்சிதான். ஆகவே அண்ணே, நீங்கள் நசுக்கியது உங்கள் வயலுக்கு வேலை செய்த ஆளை.

தோட்டக்காரர் தன்லியின்:
என் கதை சின்னது. செவ்வந்திப் பாத்தியைக் கொத்தும்போது ஒரு வேர்ப்புழு செங்கல் நிறத்தில் செத்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன், அழுகல் நாற்றமே இல்லை. ஹெட்டரோராப்டிடிஸ் நூற்புழு வேலை அது. தன் வயிற்றில் சுமந்து வரும் பாக்டீரியாவைப் பூச்சிக்குள் விடும், இரண்டு நாளில் ஆள் காலி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நூற்புழுவைப் பூச்சி மருந்தாகக் கடையில் வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றுபவர்கள் வெயிலில் ஊற்றாதீர்கள், வெயில் பட்டாலே செத்துவிடும். பொழுது சாய்ந்தபின் ஊற்றுங்கள். முன்னும் பின்னும் மண்ணை நனையுங்கள். தெளிப்பானின் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், வாளியில் வைத்தால் அடியில் படிந்து மூச்சுமுட்டிச் சாகும். பொட்டலத்தை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டு, மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பெகுக்காரன்:
ஐயா, நான் எதையும் ஊற்றப் போவதில்லை. விரலைப் பற்றித்தான் கேட்டேன்.

யெஸின் மாணவி:
மனிதனுக்குள் வாழாது அண்ணே. சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

பெகுக்காரன்:
கழுவி ஒரு வருஷம் ஆகிறதம்மா. பையன்தான் இப்போது தூண்டிலையே மறந்துவிட்டு, பிடிக்கிற வெட்டுக்கிளியை எல்லாம் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.