கீசருக்கு நிலத்தடி கேஸ் குழாய்: 15 மி.மீ. செம்பு போதுமா? பள்ளம் இன்னும் மூடவில்லை

சாட்ஸ்வொர்த்வாசி
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் 1960களில் கட்டிய வீடு, சரிவான மனை. பின்பக்க அறையில் அம்மா இருக்கிறார். புரட்டாசி விரதத்தில் விடியுமுன் குளிப்பார். போன வருடம் லோட் ஷெடிங்கில் பாதி நாள் பச்சைத் தண்ணீர்தான். அதனால் இந்த வருடம் 16 லிட்டர் கேஸ் கீசர் வாங்கிவிட்டேன்.

சிலிண்டர் கூண்டு முன்பக்கம், கீசர் பின்சுவரில் வெளியே. இடையில் 17 மீட்டர். சுவரோரமாக ஓட்டினால் இரண்டு ஜன்னல், ஒரு கதவு குறுக்கே வருகிறது. அதனால் புல்தரை வழியாகப் பள்ளம் வெட்டினேன், ஆழம் ஒரு அடி இருக்கும். பிளம்பிங் தெரிந்த நண்பர், "15 மி.மீ. செம்புக்குழாயை அப்படியே மண்ணில் போடு, தேவையான இடத்தில் ஈயம் பற்றவைத்துக்கொள்ளலாம்" என்கிறார். அதே குழாயில் அடுப்பும் ஓடும். சரியா? சனிக்கிழமை மூடலாம் என்று நினைக்கிறேன்.

கேஸ்ஃபிட்டர்_ஃபீனிக்ஸ்
தம்பி, சனிக்கிழமை மூடாதீர்கள். மூன்று விஷயம் சரியில்லை.

முதலில் குழாயின் அளவு. 16 லிட்டர் கீசர் முழுவேகத்தில் எரியும்போது 32 கிலோவாட் பக்கம் இழுக்கும். மணிக்கு ஏறக்குறைய 2.4 கிலோ கேஸ். கூடவே அடுப்பும் எரிந்தால் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் எல்.பி.ஜி. வீட்டுச் சாதனங்கள் 2.8 கிலோபாஸ்கலில் ஓடுகின்றன. அது மிகச் சின்ன அழுத்தம். 15 மி.மீ. குழாயில், வளைவுகளோடு சேர்த்து 17 மீட்டரில், நான் கணக்குப் போட்டவரை 0.4 கிலோபாஸ்கல் வழியிலேயே போய்விடும். ஏழில் ஒரு பங்கு! அம்மா குளிக்கும்போது நீங்கள் அடுப்பைப் பற்றவைத்தால் கீசர் தடுமாறும், அணையவும் செய்யும். 22 மி.மீ. போட்டால் அந்த இழப்பு ஆறில் ஒன்றாகக் குறையும். விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே இவ்வளவு வித்தியாசம்.

இரண்டாவது, மண்ணுக்குள் ஈயப்பற்று கூடாது. திருகி இறுக்கும் நெருக்கு மூட்டும் கூடாது. மூட்டே இல்லாமல் சுருளிலிருந்து ஒரே ஓட்டமாகப் போடுவதுதான் நல்லது. தவிர்க்கவே முடியாவிட்டால் வெள்ளிப்பற்று, அதாவது வெள்ளி கலந்த உலோகத்தால் பற்றவைப்பது. செம்பு வெறும் உடம்போடு மண்ணில் கிடக்கக் கூடாது. பிளாஸ்டிக் பூச்சோ உறைக்குழாயோ வேண்டும், சிமென்ட் படும் இடத்தில் கட்டாயம்.

மூன்றாவது, கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அந்த நண்பர் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் பதிவு, அதாவது நம் நாட்டில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவு, உள்ளவரா?

சாட்ஸ்வொர்த்வாசி
இல்லை அண்ணா. தண்ணீர் பிளம்பர்தான், வேலை சுத்தமான ஆள்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா
வேலை சுத்தமாக இருந்தாலும் சான்றுக் காகிதம் தர அவரால் முடியாதே. 2009ஆம் ஆண்டின் அழுத்த உபகரண ஒழுங்குமுறைப்படி, புதிதாகப் போட்டாலும் இருப்பதை மாற்றினாலும் இணக்கச் சான்றிதழ் வேண்டும். பதிவு பெற்றவர்தான் அதில் கையெழுத்திட முடியும். எங்கள் வீட்டை விற்கப் போனபோது முந்தைய உரிமையாளர் புதைத்த குழாய்க்குச் சான்றிதழ் இல்லை. வந்த ஃபிட்டர், கண்ணால் பார்க்காத குழாய்க்குக் கையெழுத்திட மாட்டேன் என்றுவிட்டார். பாதை போட்ட தளக்கல்லையெல்லாம் பெயர்த்தோம். நீங்கள் பள்ளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

குரோய்டன்_தம்பி
நான் பிறந்தது டர்பன், இப்போது லண்டன் பக்கம். இங்கே தோட்டத்தில் புதைக்க மஞ்சள் பாலிஎத்திலீன் குழாய்தான் போடுகிறார்கள், மேலே குறைந்தது 375 மி.மீ. மண். அதையே போடலாமே?

கேஸ்ஃபிட்டர்_ஃபீனிக்ஸ்
பொருள் நல்லதுதான், துருவே பிடிக்காது. ஆனால் கேஸுக்கென்று சான்று பெற்ற குழாயாக இருக்க வேண்டும். மண்ணுக்கு மேலே அது தலைகாட்டக் கூடாது. வெயில் அதை முறித்துவிடும், தீயும் தாங்காது. எழும்பும் இடத்தில் உலோகத்துக்கு மாற்ற வேண்டும்.

லண்டன் அளவுகளை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். அங்கே வருவது இயற்கை எரிவாயு. காற்றைவிட லேசானது, மேலே போய்விடும். நம்முடைய எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தோடு ஊர்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். சாட்ஸ்வொர்த் சரிவில் தாழ்ந்த இடம் என்றால் உங்கள் பின்சுவர்தான், அம்மாவின் அறை. இன்னொன்று: மணம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பவும் கூடாது. கேஸில் சேர்க்கும் அந்த நாற்றத்தை மண் உறிஞ்சிக்கொள்ளும். மண் வழியாக வந்த கேஸ் நாறாமலேயே வீட்டுக்குள் வரலாம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் குழாயை அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ளே கொண்டுபோகாதீர்கள். வெளியே மண்ணைவிட்டு எழுப்பி, கண்ணுக்குத் தெரியும்படி சுவரில் ஏற்றி, கீசரில் சேருங்கள். அடுப்புக்குச் சுவரைத் துளைக்கும் இடத்தில் உறைக்குழாய் வைத்து, உள்முனையை அடைத்து வெளிமுனையைத் திறந்து விடவேண்டும். கசிந்தால் வெளியே போகும்.

கூண்டு சாக்கடையிலிருந்து எவ்வளவு தூரம்?

சாட்ஸ்வொர்த்வாசி
இப்போதுதான் அளந்தேன். மழைநீர் வடிகால் 1.1 மீட்டரில் இருக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயின்ட், 1 மீட்டரில்.

கேஸ்ஃபிட்டர்_ஃபீனிக்ஸ்
இரண்டுமே தேறாது. வடிகாலிலிருந்து 2 மீட்டர், பக்கவாட்டில் மின்பாயின்டிலிருந்து 1.5, கதவு ஜன்னலிலிருந்து 1. எல்லைச் சுவரிலிருந்தும் 3 மீட்டர் வேண்டும், தீத்தடுப்புச் சுவர் இருந்தால் கதை வேறு. சான்ஸ் 10087-1 என்ற தென்னாப்பிரிக்கத் தரநிலை இதைச் சொல்கிறது, வருபவர் நாடா போட்டு அளப்பார். கூண்டை நகர்த்துங்கள். அப்படியே மனையின் பின்பக்கம் கொண்டுபோக முடியுமா பாருங்கள், குழாயே குறையும்.

சிலிண்டரும் முக்கியம். ஒற்றை 9 கிலோவில் இந்தக் கீசரை ஓட்டாதீர்கள். திரவம் ஆவியாகும் வேகம் போதாமல் சிலிண்டர் வேர்த்துப் பனி பிடிக்கும், அழுத்தம் விழும். அப்போது குழாயைப் பழி சொல்லிப் பயனில்லை. 48 கிலோ வைப்பதானால் கேஸ் கடைக்காரர்கள் உதவுவார்கள், பக்கியில் (பிக்கப் வண்டியில்) நீங்களே தூக்கி ஏற்ற வேண்டாம்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா
பள்ளத்தில் மின்கேபிள் எதுவும் குறுக்கே இல்லையே? பழைய வீடுகளில் எங்கே என்ன ஓடுகிறதென்று யாருக்கும் தெரியாது.

சாட்ஸ்வொர்த்வாசி (பத்து நாள் கழித்து)
முடிந்தது, எல்லோருக்கும் நன்றி. கூண்டு பின்பக்கம் நகர்ந்தது. நிலத்தடி ஓட்டம் 17இலிருந்து 8 மீட்டர் ஆனது. அக்கா சொன்னதுபோல் பழைய கேபிள் ஒன்று குறுக்கே கிடந்தது, விலகி ஓட்டினோம். பதிவு பெற்றவர் பள்ளத்தை அரை மீட்டருக்கு ஆழப்படுத்தச் சொன்னார். கல்லில்லாத மணல் பரப்பி, பூச்சு போட்ட 22 மி.மீ. செம்பு ஒரே ஓட்டமாகப் போனது. பாதி மண் தள்ளியதும் எச்சரிக்கை நாடா, பிறகு மீதி மண். மூடுமுன் காற்றடித்துச் சோதித்தார், கேஜ் முள் அசையவில்லை. வெளி மூட்டுகளில் சோப்புநுரை தடவினார், ஒரு குமிழிகூட இல்லை. கீசரும் அடுப்பும் ஒன்றாக எரியும்போது 2.6 கிலோபாஸ்கல் நின்றது.

நண்பர் முழுநேரமும் கூடவே நின்று பார்த்தார். கேஸ் பதிவுக்குப் படிக்க எங்கே விசாரிப்பது என்று ஃபிட்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூடுமுன் அளவுநாடாவோடு படம் எடுத்து, வீட்டு மூலையிலிருந்து எத்தனை மீட்டரில் குழாய் போகிறதென்று வரைந்து, சான்றிதழோடு மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அம்மா நேற்று நாலரைக்குக் குளித்தார்.