கேஷுவல்ஸ்: உடையை மட்டும் நினைவுகூர முடியாதா?

மூன்றுகோடன்:
எண்பதுகளின் பிரிட்டிஷ் கால்பந்து ரசிகர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அடிதடியில் தொடங்கி அடிதடியிலேயே முடித்துவிடுகிறோம் என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன். 'கேஷுவல்ஸ்' என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்த இளைஞர்கள், ஆலைகளும் துறைமுகங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்த ஊர்களில், கையில் காசில்லாத வயதில், தமக்கென்று ஓர் உடையழகை உருவாக்கினார்கள். அதைத் தனியே எடுத்துவைத்துப் பாராட்ட முடியாதா என்பதுதான் என் கேள்வி.

லிவர்பூல் அணி 1977இல் ரோமிலும் 1981இல் பாரிஸிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்தப் பயணங்களில் உடன் போன ரசிகர்கள், இங்கிலாந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காத அடிடாஸ் காலணிகளோடும் லகோஸ்ட் சட்டைகளோடும் ஊர் திரும்பினார்கள் (எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை என்று நான் சாதிக்க மாட்டேன்). பியோர்ன் போர்க் அணிந்த ஃபிலாவும் ஜான் மெக்கன்ரோ அணிந்த செர்ஜியோ டாக்கினியும் வசதி படைத்தவர்களின் இத்தாலிய டென்னிஸ் உடைகள். அவற்றைத் துறைமுகத் தொழிலாளியின் மகன் போட்டுக்கொண்டு நின்றான். 1982இல் ராபர்ட் வேட்-ஸ்மித் லிவர்பூலில் திறந்த காலணிக் கடை இந்த ஆசையை நம்பியே பிழைத்தது. 'ட்ரிம் டிராப்' என்ற காலணியின் பெயர், மேற்கு ஜெர்மனியில் மக்களை உடற்பயிற்சிக்குத் தூண்டிய ஓர் இயக்கத்தை ஒட்டி வந்தது. லிவர்பூல் பையன்கள் எவரும் அதை உடற்பயிற்சிக்காக வாங்கவில்லை. நான் 1990இல் பிறந்தவன். அதன் மறுவெளியீட்டுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

பழைய கிழக்கு லண்டன்காரன்:
தம்பி, நீங்கள் வரிசையில் நின்றதில் எனக்குக் குறையில்லை. நான் 1984இல் இந்நாட்டுக்கு வந்து, கிழக்கு லண்டனில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்துத் தங்கியவன். உள்ளூரில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைக்கு வேண்டிய அரிசியையும் பாலையும் வெள்ளிக்கிழமை இரவே வாங்கி வைத்துவிடுவோம். கூட்டம் வரும் நேரத்துக்கு முன்பே எங்கள் தெருக் கடைக்காரர் இரும்புக் கதவை இழுத்து மூடிவிடுவார்.

நீங்கள் அழகு என்று சொல்வது பெருமளவு மறைப்பு. அதற்கு முந்தைய தலைமுறையின் ஸ்கின்ஹெட் பையன்கள் மொட்டைத் தலையும் கனத்த பூட்ஸுமாக வந்ததால், மைதான வாசலிலேயே போலீஸ் அவர்களை அடையாளம் கண்டு பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து வாங்கிக்கொண்டது. அடுத்து வந்தவர்கள் பாடம் படித்தவர்கள். அணியின் நிறத்தில் ஒரு கழுத்துத் துண்டுகூட இல்லாமல், விலையுயர்ந்த கம்பளிச் சட்டையில், ஏதோ குமாஸ்தா வேலைக்குப் போகிறவர்களைப் போல ரயிலிலிருந்து இறங்கி நடந்தார்கள். போலீஸ் கழுத்துத் துண்டு போட்ட அப்பாவிகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது. கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் அணியின் ரசிகர் கும்பல் 'இன்டர் சிட்டி ஃபர்ம்' என்று பெயர் வைத்துக்கொண்டது ஏன்? ரசிகர்களுக்கென்று போலீஸ் காவலோடு விடப்பட்ட சிறப்பு ரயில்களைத் தவிர்த்துவிட்டு, சாதாரண இன்டர் சிட்டி ரயிலில் போனதால். அடி வாங்கிக் கிடப்பவன் மேல் 'வாழ்த்துகள், எங்களைச் சந்தித்துவிட்டீர்கள்' என்ற பொருளில் அச்சடித்த அட்டையை வைத்துவிட்டுப் போவார்களாம், கம்பெனிக்காரர் விசிட்டிங் கார்டு தருவதுபோல. இந்த உடையிலிருந்து எதைக் கழித்து எதைப் பாராட்டுவது?

மூன்றுகோடன்:
ஐயா, அந்த உடையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடித்ததில்லை. 1981இல் லிவர்பூலில் பீட்டர் ஹூட்டன் முதலானவர்கள் தொடங்கிய 'தி எண்ட்' என்ற சிற்றிதழ், யார் எதைப் போட்டிருக்கிறான், எது பழசாகிவிட்டது என்று நக்கலடித்தே பெயர் வாங்கியது. அந்த ஆண்டு ஜூலையில்தான் அதே நகரத்தின் டோக்ஸ்டெத் பகுதி கலவரத்தில் எரிந்தது. அடுத்த ஆண்டு நாட்டில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். அந்தச் சூழலில் ஒரு பையன் நன்றாக உடுத்தினாலே திருடன், ரவுடி என்று பார்த்த பார்வையைத்தான் நீங்களும் திருப்பிச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது. 2004இல் பர்பெரி என்ற விலையுயர்ந்த உடை நிறுவனம் தன் கட்டம்போட்ட தொப்பியை விற்பனையிலிருந்து நீக்கியதும் தவறான ஆட்கள் அணிகிறார்கள் என்ற அதே கூச்சத்தால்தான்.

ஊசிநூல்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 1983இல் என் அண்ணன் மான்செஸ்டரில் ஒரு விளையாட்டு உடைக் கடையில் வேலை பார்த்தார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். சனிக்கிழமை காலையில் வரும் பையன்கள் ஒரே மேல்சட்டையை வாராவாரம் போட்டுப் பார்த்து, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, பாதி இறக்கி, கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜீன்ஸின் பக்கத் தையலைக் கணுக்காலருகே பிரித்துவிடச் சொல்வார்கள், துணி காலணியின் மேல் விரிந்து விழ வேண்டும் என்பதற்காக. தையல் தெரிந்த என்னிடம் கொடுத்து, அரை அங்குலம் கூடினாலும் சண்டைக்கு வருவார்கள்! தபால் விற்பனைப் பட்டியலில் வாரத் தவணைக்கு எடுத்த உடைகளுக்கு அம்மாக்கள் மாதக்கணக்கில் பணம் கட்டினார்கள். அந்த அம்மாக்கள் எந்த நினைவுக்குறிப்பிலும் வருவதில்லை.

ஃபிரெட் பெரி பெயரிலான சட்டையை அணிந்ததால் எங்கள் ஊரில் இவர்களுக்குப் 'பெரி பாய்ஸ்' என்று பெயர். ஃபிரெட் பெரி பக்கத்து ஸ்டாக்போர்ட்டில் பிறந்த, பருத்தி நூற்பாலைத் தொழிலாளியின் மகன். 1934 முதல் 1936 வரை மூன்று முறை விம்பிள்டன் வென்றவர். எனவே 'வசதி படைத்தவர்களின் உடை' என்று மூன்றுகோடன் எழுதியது இவர் விஷயத்தில் பாதிதான் சரி.

பழைய கிழக்கு லண்டன்காரன்:
அம்மா சொன்ன ஜிப் கதையை நான் மறுக்கவில்லை. மூன்றுகோடனிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் பதிவுகளில் 1977, 1981, 1982, 2004 எல்லாம் இருக்கின்றன, 1985 எங்கே? அந்த ஆண்டு மார்ச் 13 அன்று லூட்டன் மைதானத்தில் மில்வால் ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். மே 29 அன்று பிரசல்ஸின் ஹெய்சல் மைதானத்தில், இத்தாலியின் யுவென்டஸ் அணியுடனான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன், லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து விரட்டியதில், பின்வாங்கிய கூட்டம் நெரிந்து, சுவர் இடிந்து, 39 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்கள். 14 பேர் 1989இல் பெல்ஜிய நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். இத்தாலிய உடைக்கு அவ்வளவு ஆசைப்பட்ட நகரம் அது.

மூன்றுகோடன்:
கடைசி வரி சுடுகிறது. ஆனால் ஹெய்சல் மைதானம் பாழடைந்து கிடந்ததையும், எல்லா ரசிகர்களையும் மிருகங்களாகக் கருதியதன் விலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? செல்சி மைதானத்தில் அதே 1985இல் அதன் தலைவர் கென் பேட்ஸ் மின்வேலியே அமைத்தார். லண்டன் மாநகர நிர்வாகம் அனுமதிக்காததால்தான் அதில் மின்சாரம் பாயவில்லை. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அத்தகைய கம்பிவேலிக்குப் பின்னால் சிக்கி நசுங்கியவர்களில் 97 பேரை இழந்தோம். குடிபோதையில் கலாட்டா செய்தார்கள் என்று போலீஸும் பத்திரிகைகளும் ரசிகர்கள் மேலேயே பழி போட்டன. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு வர 2016 ஆயிற்று.

பழைய கிழக்கு லண்டன்காரன்:
ஹில்ஸ்பரோவில் உங்களோடு நிற்கிறேன், அதில் வாதமே இல்லை. எனவே என் கதையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

1986இல் ஒரு சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். எவர் கழுத்திலும் துண்டு இல்லை. ஒருவன் என் பையைத் தட்டிவிட்டான். பால் புட்டி உடைந்து சிதறியது. நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தபோது என் முகத்துக்கு எதிரே இருந்தது நீல நிற ஸ்வேட் காலணி, வெள்ளைக் கோடுகள், தேன் நிற அடிப்பாகம். அதன் முனையில் பால் தெறித்திருந்தது. அவன் கைக்குட்டையை எடுத்து, ஒரு காலில் நின்றபடி, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் அதை ஒற்றி எடுத்தான். முழுவதும் துடைத்து முடித்த பிறகுதான் என்னை உதைத்தான், அதுவும் மற்றக் காலால். என் நிறத்துக்காக உதைத்தானா, பாலுக்காக உதைத்தானா என்று நாற்பது ஆண்டுகளாக என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீங்கள் தனியே எடுத்துவைக்கலாம் என்கிறீர்கள்.

மூன்றுகோடன்:
ஐயா, ஸ்வேடில் பட்ட பாலைத் தேய்க்காமல் ஒற்றித்தான் எடுக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கி, பாதியில் அழித்துவிட்டேன். முதல் பதிவில் 1985ஐச் சேர்க்கிறேன். தலைப்பிலுள்ள கேள்வியை இப்போதைக்கு அப்படியே விட்டுவைக்கிறேன்.