முன்பதிவுத் தளத்தை எட்ஜுக்கு மாற்றலாமா?

புதுவை நிரலர்:
வணக்கம். புதுச்சேரி ஒயிட் டவுனில் உள்ள விருந்தினர் விடுதி ஒன்றின் அறை முன்பதிவுத் தளத்தைப் பராமரித்து வருகிறேன். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் பக்கங்கள் உள்ளன. சர்வரும் தரவுத்தளமும் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை மண்டலத்தில் இருக்கின்றன. முன்னால், பக்கங்களின் நகலைப் பார்வையாளருக்கு அருகிலுள்ள சர்வர்களில் (எட்ஜ்) வைத்துத் தரும் கிளவுட்ஃப்ரன்ட் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பக்கம் திறக்கத் தாமதமாகிறது. முழு நிரலையும், எட்ஜிலேயே நிரலை ஓட்டும் சேவைகளான அமேசானின் லாம்ப்டா எட்ஜுக்கோ கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸுக்கோ மாற்றிவிட்டால் இது தீருமா?

கடலூர் முதுநகர்:
தரவுத்தளம் மும்பையிலேயே இருக்க, நிரலை மட்டும் நகர்த்தினால் தாமதம் கூடவே வாய்ப்பு அதிகம். இப்போது பாரிஸிலிருந்து கிளம்பும் கோரிக்கை ஒரே ஒரு முறை மும்பைக்கு வந்து, அறை, விலை, தேதி என்ற மூன்று வினவல்களையும் அங்கேயே அருகில் முடித்துக்கொண்டு திரும்புகிறது. நிரல் பாரிஸில் ஓடினாலோ, ஒன்றன் விடைக்காக மற்றொன்று காத்திருக்கும் அந்த மூன்று வினவல்களும் தனித்தனியே மும்பைக்குப் போய்வர வேண்டும். நிரலைத் தரவுத்தளத்துக்கு அருகிலேயே ஓட்டுவதற்கென்று கிளவுட்ஃபிளேர் ஸ்மார்ட் பிளேஸ்மென்ட் என்ற வசதியைத் தந்திருப்பதே இந்தச் சிக்கலுக்காகத்தான்.

உங்களிடம் எட்ஜுக்கென்றே அமைந்த வேலை மொழித் தேர்வு. பார்வையாளர் விரும்பும் மொழிகளைச் சொல்லி பிரவுசர் அனுப்பும் அக்செப்ட்-லாங்குவேஜ் ஹெடர் பிரான்ஸுக்கு ஒரு விதமாகவும் கனடாவுக்கு வேறு விதமாகவும் வரும். முன்னுரிமை எண்களும் மாறும். அதை அப்படியே கேஷ் கீயில் (எட்ஜில் சேமித்த நகலை, அதாவது கேஷை, அடையாளம் காணும் குறியில்) சேர்த்தால் ஒரே பிரெஞ்சுப் பக்கம் பல பிரதிகளாகத் தேங்கி, பெரும்பாலான கோரிக்கைகள் மும்பைக்கே ஓடும். 2021இல் வெளிவந்த, எட்ஜில் சிறு நிரல்களை ஓட்டும் கிளவுட்ஃப்ரன்ட் ஃபங்ஷன்ஸ், கேஷைத் தேடுவதற்கு முன்பே இயங்கக்கூடியது என்பதால், ஹெடரை மூன்று மதிப்புகளில் ஒன்றாகச் சுருக்கி, அதை மட்டும் கேஷ் கீயில் சேர்த்துவிடலாம். அது 1 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும், வெளியே எங்கும் தொடர்புகொள்ள முடியாது; இந்த வேலைக்கு அவை தடையே அல்ல. லாம்ப்டா எட்ஜ் இதற்கு மிகை என்பது என் கருத்து: வடக்கு வர்ஜீனியா மண்டலத்தில்தான் அதை உருவாக்க வேண்டும், என்விரான்மென்ட் வேரியபிள்களும் (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்புகள்) கிடையாது.

தேவனாம்பட்டினம்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். வொர்க்கர்ஸுக்கே போனாலும், காலி அறைக் கணக்கை, எட்ஜ்களில் நகல் வைக்கும் அதன் கேவி சேமிப்பில் வைக்காதீர்கள். ஓரிடத்தில் எழுதியது மற்ற இடங்களில் தெரிய 60 நொடிகளோ அதற்கு மேலோ ஆகலாம். புத்தாண்டுக் கூட்டத்தில் கடைசி அறையை இருவருக்குக் கொடுத்துவிட்டுச் சமாதானம் பேச வேண்டிவரும்.

இன்னொன்று, பார்வையாளர் எந்த எட்ஜைத் தொடுகிறார் என்பதையும் பாருங்கள். கிளவுட்ஃப்ரன்ட் பதிலில் வரும் எக்ஸ்-ஏஎம்இசட்-சிஎஃப்-பாப் ஹெடர், விமான நிலையக் குறியீட்டில் தொடங்கும். எம்ஏஏ என்றால் சென்னை. இணைய நிறுவனத்தின் ரூட்டிங்கைப் பொறுத்து, கடலூரிலிருந்து போகும் கோரிக்கைகூடச் சென்னையை விட்டு வேறு ஊருக்குப் போகலாம்.

புதுவை நிரலர்:
மிக்க நன்றி. அப்படியானால் காலி அறை விவரத்தைக் கேஷ் செய்யவே கூடாதா?

கடலூர் முதுநகர்:
காட்டுவதற்குச் சில நொடிகள் கேஷ் செய்யலாம். பக்கத்தின் மற்ற பகுதிகளை நீண்ட நேரம் கேஷில் வைத்து, காலி அறை விவரத்தை மட்டும் தனி அழைப்பாகப் பிரித்துவிடுங்கள். பணம் செலுத்தும் படியில் மட்டும் மும்பைத் தரவுத்தளத்தில், முழுதாக முடியும் அல்லது நடக்கவே நடக்காத ஒரே செயலான டிரான்சாக்‌ஷனுக்குள் மறுபடி சரிபார்த்தே அறையை ஒதுக்க வேண்டும்.